சிரிப்பு வந்தால் உட்காரவும்

ஜூன் 12, புதன்

கோயம்புத்தூர் நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். விழும் நாட்களை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம், எதனால் விழுந்தேன் என்பதையும். அடுத்த முறை போகும்போது காட்ட வேண்டும். அதனால் இந்த டைரி. உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு மாடு நின்று என்னைப் பார்க்கிறது.

இன்று விழவில்லை.

நோயின் பெயர் என் பெயரைவிட நீளம். சுருக்கமாகச் சொன்னால், பகலில் தூக்கம் அடித்துப்போடும். வாய்விட்டுச் சிரித்தாலோ, ரொம்பச் சந்தோஷப்பட்டாலோ உடம்பு விட்டுப்போகும். முதலில் தாடை தொங்கும், பிறகு கழுத்து, பிறகு முழங்கால். நினைவு மட்டும் தப்பாது. காது கேட்கும், கண் தெரியும், சுண்டுவிரலை அசைக்க முடியாது. ஓரிரு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். மாத்திரையால் இதில் பாதி குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு டாக்டர் சொன்ன வழி, சிரிப்பு வந்தால் உடனே உட்கார்ந்துவிடுவது.

இந்த ஊரிலேயே வேடிக்கையான ஆள் நான்தான் என்பது என் அசைக்க முடியாத கருத்து. ஊருக்குத்தான் அது தெரியாது. பள்ளியில் எனக்கு வைத்திருக்கும் பெயர் உம்மணாமூஞ்சி. குழந்தைவேல் என்று கூப்பிடுவது சம்பளப் பட்டியலில் மட்டும்தான். மனதுக்குள் ஒரு நல்ல நக்கல் தோன்றினால் நாக்கைக் கடித்து, பள்ளிக்கூடக் கழிப்பறையை நினைத்துக்கொள்வேன். உடனே சிரிப்பு அடங்கிவிடும்.

பல வருடம் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் உருட்டியபின் இந்த வருடம் பத்தாம் வகுப்பு ஆ பிரிவைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கணக்கு வாத்தியாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மார்ச் வரை இந்த வகுப்பை என் கையால் கொண்டுபோய்ப் பரீட்சை ஹாலில் விட வேண்டும். நோயைப் பற்றிப் பள்ளியில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

லேசாக விழுந்தேன். காரணம்: பி.டி. மாஸ்டர் வெள்ளியங்கிரி.

இந்த மனிதர் இருக்கும் பக்கமே நான் போவதில்லை. இன்று ஆசிரியர் அறையில் மாட்டிக்கொண்டேன். கையில் டீ.

"ரன்னிங் ரேஸுக்குப் பசங்கள நிக்க வெச்சு விசில் ஊதறனுங்க. விசில்ல இருந்த பட்டாணி தொண்டைக்குள்ள போயிருச்சு. சத்தமே வரல. பசங்க நின்னமானைக்கே நிக்கறானுங்க. ஓடுங்கடான்னு ரெண்டு கையையும் ஆட்டறேன். அத்தன பேரும் திருப்பி எனக்குக் கை ஆட்டறானுங்க!"

கழிப்பறையை நினைத்தேன். பலிக்கவில்லை. தாடை தொங்கியது, டீ டம்ளர் மடியில் கவிழ்ந்தது, தலை மேசையில் விழுந்தது. வெள்ளியங்கிரி பதறிப்போனார். "சார், சுகருங்களா? லோ ஆயிருச்சுங்களா?"

பேச்சு வந்ததும் ஆமாம் என்றேன். இன்று முழுக்க ஒவ்வொரு பீரியட் இடைவெளியிலும் ஒரு கடலை மிட்டாயோடு வந்து நின்றார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமே.

ஜூன் 28, வெள்ளி

விழவில்லை. மதியம் சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் தூங்கினால்தான் பிற்பகல் வகுப்பில் நிற்க முடிகிறது. அறிவியல் ஆய்வகத்தின் பின்பக்கம் பெஞ்சு இருக்கிறது. யாரோ பார்த்திருக்கிறார்கள். "நைட்டு எங்கீங்க சார் ட்யூட்டி?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கலாம்.

ஜூலை 5, வெள்ளி

முழுசாக விழுந்தேன். பத்தாம் வகுப்பு ஆ பிரிவில், கரும்பலகைக்கு முன்னால்.

அப்பா, மகன் வயதுக் கணக்கு. தரணீஷ் எழுந்து விடை சொன்னான். "அப்பாவுக்கு வயசு மைனஸ் நாலுங்க சார்."

"மைனஸ் நாலு வயசுன்னா என்னடா அர்த்தம்?"

கொஞ்சம் யோசித்தான். "அப்பா இன்னும் பொறக்கலைங்க சார்."

"அப்ப மகன்?"

"மகனுக்குப் பன்னெண்டுங்க சார். தனியாத்தான் இருக்கான்."

அவ்வளவுதான். முழங்கால் மடங்கியது தெரிந்தது. சாக்பீஸ் உருண்டு போனது தெரிந்தது. பிறகு தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் சிரித்தார்கள், நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து. பிறகு ஒரு பெண் வீறிட்டாள். "வலிப்புடி! இரும்பு குடுங்க, இரும்பு!" யாரோ சைக்கிள் சாவியைக் கையில் திணித்தார்கள். இன்னொருத்தி ஜியோமெட்ரி பாக்ஸையே திணித்தாள். காம்பஸ் முனை உள்ளங்கையில் குத்தியது. "வலிக்கிறது, எடுங்கள்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து முழுவதையும் நெஞ்சில் வைத்தார்.

கடைசியாகத் தலைமையாசிரியர் ராஜாமணி வந்தார். குனிந்து என் வாயை முகர்ந்தார். அவருடைய விபூதி வாசனைகூட எனக்குத் தெரிந்தது. நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாட்ச்மேனிடம் மெதுவாகச் சொன்னார்: "நாத்தம் ஒண்ணும் காணோம். ஆனா வோட்கா குடிச்சா நாத்தமே வராதாமில்ல?"

என் வாழ்நாளில் பீர் பாட்டிலைக்கூடத் திறந்ததில்லை. அதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. அவமானத்தில் கண்ணில் நீர் வந்தது. "பாருங்க, கண்ணுல தண்ணி வருது, தெளியுது" என்றார் வாட்ச்மேன்.

எழுந்ததும் செய்த முதல் வேலை, தரணீஷின் அப்பாவைப் பிறக்க வைத்ததுதான். கணக்கைப் பாதியில் விட்டுப்போக எனக்குப் பிடிக்காது.

ஜூலை 8, திங்கள்

தலைமையாசிரியர் அறையில் டாக்டர் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"சிரிச்சா உழுந்துருவீங்களா? அப்பிடியொரு சீக்கா? நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே."

"நானும் எனக்கு வர்ற வரைக்கும் கேள்விப்பட்டதில்லைங்க சார்."

"ஏனுங்க, சிரிக்காம இருந்துட்டுப் போலாமில்ல?"

இதைத்தான் எட்டு வருடமாகச் செய்கிறேன் என்று சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பெற்றோர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவர் கவலை. காலாண்டு வரை பார்க்கலாம் என்றார். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்த வேண்டும்.

வகுப்பில் நானே சொன்னேன். வலிப்பு இல்லை, ஒட்டிக்கொள்ளாது, விழுந்தாலும் நீங்கள் பேசுவது எல்லாம் எனக்குக் கேட்கும். இரும்பு வேண்டாம், முக்கியமாகக் காம்பஸ் வேண்டாம்.

வகுப்புத் தலைவி பிரகதி எழுந்தாள். கண்டிப்பான பெண். இவள் ஒருநாள் கலெக்டராகி எங்கள் எல்லோரையும் சஸ்பெண்டு செய்வாள். "சார், நாங்க சிரிச்சா நீங்களும் சிரிப்பீங்க. நீங்க சிரிச்சா உழுவீங்க. அப்பிடித்தானுங்க சார்?"

"அப்படித்தான்."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் என்ன முடிவெடுத்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

விழவில்லை. இனி விழவும் மாட்டேன் போலிருக்கிறது.

பத்தாம் வகுப்பு ஆ பிரிவு சிரிப்பதை நிறுத்திவிட்டது. பிரகதியின் சட்டம். கணக்குப் பீரியடில் பல் தெரிந்தால் பெயர் பலகையில் ஏறும். நான் உள்ளே நுழைந்ததும் நாற்பது முகமும் இழவு வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிடும். இன்று ஒரு அணில் ஜன்னல் வழியாக வந்து மேசையில் இருந்த சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒருவர்கூட உதட்டை அசைக்கவில்லை. தரணீஷ் மட்டும் தலையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். முதுகு குலுங்கியது.

எனக்காகச் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். மார்ச் வரைதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறது. நிம்மதிதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விழவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

என் மனைவி பூங்கோதை பால் சங்கத்தில் எழுத்தர். சாயங்காலம் வந்ததும், "கொஞ்சம் உக்காருங்க" என்றாள். நல்ல சேதி என்றால் உட்காரச் சொல்வாள். கெட்ட சேதியை நின்றபடியே கேட்கலாம். கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"எனக்கு மேனேஜர் போஸ்ட் போட்டிருக்காங்க. அடுத்த மாசம் மொதத் தேதியிலிருந்து." ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல் சொன்னாள். நானும் "சரி, நல்லது" என்றேன். விழவில்லை. பிறகு இரண்டு பேரும் அவரைக்காய் நறுக்கினோம்.

சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுக்கு டி.வி. பார்க்கப் போகிறாள். எங்கள் வீட்டு டி.வி. நன்றாகத்தான் ஓடுகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அங்கே எத்தனை பேர் சிரித்தாலும் அவள் சிரிப்பு எனக்குத் தனியாகத் தெரியும்.

செப்டம்பர் 11, புதன்

பெற்றோர் கூட்டம். நான் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆய்வகத்தின் பின்பக்க பெஞ்சிலிருந்து எல்லாம் கேட்டது. என் காதுக்கு எப்போதும் யோகம் உண்டு.

ஒரு தகப்பனார் சொன்னார்: "குடிகாரனா இருந்தாக்கூடப் பரவால்லீங்க. சாயங்காலம் குடிச்சாக் காத்தால தெளிஞ்சிரும். இது தெளியாத கேசுங்களே."

ஒரு அம்மா: "எம்பட புள்ள ராத்திரி தூக்கத்துல 'சிரிக்காதீங்கடி, சிரிக்காதீங்கடி'ன்னு பெனாத்துதுங்க. அந்தாளு என்ன பண்ணி வெச்சிருக்காரோ."

வெள்ளியங்கிரி எழுந்து எனக்காகப் பேசினார். "சாருக்கு சுகருங்க, வேறொண்ணுமில்ல" என்றார். ஜூன் மாதம் நான் சொன்ன பொய்யை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

ஆசிரியரை மாற்று என்று கேட்கிறார்கள். தாளாளரே வந்து வகுப்பைப் பார்த்து முடிவு செய்வார் என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார்.

அக்டோபர் 10, வியாழன்

காலாண்டில் என் வகுப்பில் இரண்டு பேர் தவிர எல்லோரும் தேறிவிட்டார்கள். பக்கத்துப் பிரிவில் எத்தனை பேர் தேறவில்லை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சிரிப்பு வரும்.

அக்டோபர் 14, திங்கள்

தாளாளர் சென்னியப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கைக்குட்டை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு கிரீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

இருபடிச் சமன்பாடு நடத்தினேன். நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு நின்றே நடத்தினேன். தூக்கம் வரவில்லை, நாக்குக் குழறவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. தரணீஷ் வழக்கம்போல் ஒன்று உளறினான். மற்ற முப்பத்தொன்பது பேரும் கல்லாய் இருந்தார்கள். பிரகதி என்னைப் பார்த்துக் கண்ணால், "கவலைப்படாதீங்க சார்" என்றாள். மணி அடித்ததும் தாளாளர் எழுந்து போனார்.

விழவில்லை! ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

கூப்பிட்டார்கள். தாளாளர் நாற்காலியில் இருந்தார். தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார்.

"உங்க சீக்கப் பத்தி நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டனுங்க. பாடம் நல்லாத்தான் நடத்தறீங்க. ஆனா அந்தப் புள்ளைங்க மொகத்தப் பாத்தீங்களா? ஒரு பீரியட் பூரா ஒரு புள்ளகூடச் சிரிக்கலயே. அந்தப் பையன் என்னமோ சொன்னான், எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதுங்க வாயத் தொறக்கலீங்க. எம்பட பேத்தி வயசு. இப்பிடிப் பயந்து நடுங்கற கிளாஸ நான் பாத்ததே இல்ல."

"பயமில்லைங்க ஐயா. எனக்காகச் சிரிக்காம இருக்காங்க."

"நீங்க சிரிக்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சிரிங்கன்னு சொன்னீங்களா?"

வாயில் பதில் இல்லை. இந்தத் தடவை நோய் காரணமில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். "நீங்க நிக்கறப்ப அதுங்க வேற என்னத்தச் சொல்லும்?" என்றார். அதற்கு என்ன செய்ய முடியும்? நான் எதைச் சொன்னாலும் அது என் மேலேயே வந்து விழுகிறது. எனக்கு அழுகை வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். அதையும் இருவரும் பார்த்தார்கள்.

நவம்பர் கடைசி வாரத்திலிருந்து பத்தாம் வகுப்பு வேறொருவருக்கு. எனக்கு நூலகம். வெளியே வரும்போது தலைமையாசிரியர் தோளைத் தட்டி, "நல்லதுக்குத்தான் சார். புக்கு எதுவும் சிரிப்பு மூட்டாது பாருங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பூங்கோதையிடம் நின்றபடி சொன்னேன். அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள். எனக்காக அழுவாள் என்று நினைத்தேன். கத்தினாள்.

"உங்களுக்குப் பயந்து நாப்பது புள்ளைங்க சிரிக்கலையாமா? நாப்பத்தொண்ணுங்க. கல்யாணமான புதுசுல நீங்க ஒண்ணொண்ணு சொல்லுவீங்க, வயிறு வலிக்கற வரைக்கும் சிரிப்பேன். இப்ப நாலு நல்ல வார்த்த சொல்லோணும்னாக்கூட உங்களச் சுவத்தோரம் உக்கார வெச்சுட்டுச் சொல்றேன். விழுந்தா விழுங்களேன். தரை என்ன கடிச்சா வெச்சிரும்?"

இன்று அவள் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. ஜாங்கிரி அப்படியே இருக்கிறது.

நவம்பர் 6, புதன்

விழவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழா. வெள்ளியங்கிரி மேடையில் கழுதைபோல் கத்திக் காட்டினார். எல்லா வகுப்பும் உருண்டது. பத்தாம் வகுப்பு ஆ பிரிவு மட்டும் நான் எங்கே நிற்கிறேன் என்று திரும்பிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டது. நான் மைதானத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். மதில் அருகே வந்தபின்தான் அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நவம்பர் 22, வெள்ளி

கடைசி வகுப்பு. கடைசி பீரியட்.

முதலில் கரும்பலகைக்கு முன்னால் இருக்கும் மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெல்ட்டைத் தளர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். பிள்ளைகள் என்னமோ பூஜை நடக்கப் போகிறது என்று பார்த்தார்கள்.

"இன்னைக்கு ஒரே ஒரு கணக்குத்தான். அதுக்கு முன்னால ஒரு விஷயம். எனக்காக இத்தனை மாசம் சிரிக்காம இருந்தீங்க. நான் அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எனக்கு விழறதுக்குப் பயம், அதான் சொல்லல. இன்னைக்கு நீங்க சிரிக்கணும்."

யாரும் அசையவில்லை.

"சிரிங்க கண்ணுகளா."

முன் பெஞ்சில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். இன்னொருத்தி அவளைப் பார்த்து அழுதாள். நன்றாக இருக்கிறது, சிரிக்கச் சொன்னால் அழுகிறார்கள். ஒரு வகுப்பைச் சிரிக்க வைக்கக்கூட முடியாதவனாக வெளியே போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

பிரகதி எழுந்தாள். முகத்தில் அதே கலெக்டர் களை. வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"சார் சொல்லீட்டாரில்ல? எல்லாரும் எந்திரிங்க. நான் மூணு எண்ணறதுக்குள்ள சிரிக்கோணும். ஒண்ணு, ரெண்டு, மூணு."

நாற்பது பேரும் விறைப்பாக நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, ஒரே குரலில், "ஹா. ஹா. ஹா" என்றார்கள். தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல் நின்றார்கள். "தரணீஷ், உனக்குச் சத்தம் பத்தல" என்றாள் பிரகதி. அவன் தனியாக, கடமையே என்று, "ஹா" என்றான்.

அந்த ஒற்றை "ஹா"வில் நான் போனேன். வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. வாயால் சிரித்து முடிக்க நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் தாடை விட்டது, கழுத்து விட்டது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து மேடையில் கிடந்தேன். பிறகுதான் கேட்டது. முதலில் பிரகதியே பொறுக்க முடியாமல் மூக்கால் ஒரு சத்தம். பிறகு மொத்த வகுப்பும். பெஞ்சுகள் ஆடின, ஒருவன் இரும ஆரம்பித்தான், யாரோ "ஐயோ வயிறு" என்றார்கள். ஜூலைக்குப்பின் இன்றுதான் அந்தச் சத்தத்தை என் வகுப்பறையில் கேட்கிறேன். என் முகம் தரையில், எறும்பு ஒன்று மூக்கருகே போகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷமே இன்னும் கொஞ்ச நேரம் என்னை எழவிடாது என்பதும் தெரிந்தது.

சட்டென்று அமைதி. சார் எழவில்லை என்று கவனித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை, இன்னும் சிரியுங்கள் என்று சொல்ல வேண்டும். நாக்கு ஒரு துணிமூட்டையாகக் கிடந்தது.

செருப்புச் சத்தம் வந்து வாசலில் நின்றது. தலைமையாசிரியர் குரல். "என்ன நடக்குது இங்க?"

"கணக்கு நடக்குதுங்க சார்" என்றாள் பிரகதி.

"அவரு உழுந்து கெடக்கறாரு!"

"ஆமாங்க சார். சித்த நேரத்துல எந்திரிச்சிருவாருங்க. எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்காரு." என்னைத் தாண்டிப் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். பாவாடை நுனி என் கையில் பட்டது. "2x² − 7x + 3 = 0. எல்லாரும் நோட்ட எடுங்க."

நோட்டுகள் புரளும் சத்தம். தலைமையாசிரியர் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

பக்கத்திலேயே கிடந்ததால், கண்ணாடி இல்லாமலே ஒரு கண்ணால் பலகையின் பாதி எனக்குத் தெரிந்தது. சூத்திரத்தைச் சரியாக எழுதினாள். a, b, c சரி. அடுத்த வரியில் மைனஸ் ஏழு என்று போட்டாள். தப்பு. b-யே மைனஸ் ஏழு, சூத்திரத்தில் அதற்கு முன்னால் இன்னொரு மைனஸ் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து பிளஸ் ஏழு ஆக வேண்டும். எத்தனை தடவை தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். மேலே போய்க்கொண்டே இருக்கிறாள். வர்க்கமூலம் இருபத்தைந்து, ஐந்து. எல்லோரும் பார்த்து எழுதுகிறார்கள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லையா? வாயைத் திறக்கப் பார்த்தேன். உதடுகூடப் பிரியவில்லை. திங்கட்கிழமை வேறொருவர் வந்து இந்தப் பலகையில் எழுதுவார், இவர்கள் இப்படியே மைனஸைத் தின்றுகொண்டு பரீட்சைக்குப் போவார்கள், நான் புத்தகங்களுக்குத் தூசு தட்டுவேன். தரையில் கிடந்து தவித்தேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து, வருடம் முழுக்க வாயே திறக்காத ஒரு பெண்: "அக்கட்ட ரெண்டு மைனஸுடி. ப்ளஸ் ஏழு வரோணும்."

பிரகதி நின்றாள். பலகையைப் பார்த்தாள். டஸ்டரால் துடைக்கும் சத்தம். சாக்பீஸ் பொடி என் கன்னத்தில் உதிர்ந்தது. ஏழு கூட்டல் ஐந்து பன்னிரண்டு, வகுத்தல் நான்கு, மூன்று. ஏழு கழித்தல் ஐந்து இரண்டு, வகுத்தல் நான்கு, அரை.

"மூணு, அரை" என்றாள். "சரிங்களா சார்?"

நாற்பது பேரும் என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பெஞ்சுகள் முனகின. சரி என்றேன். நூறு தடவை சரி என்றேன். ஒருவருக்கும் கேட்டிருக்காது.